அட்சதை விழும் கால் விநாடி

தம்பி,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, வேண்டுமென்றேதான். உன் அத்தை இன்று பதினோரு மணி பஸ்ஸில் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு சென்னைக்கு வருகிறாள். அவள் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்பப்போகிறேன். ஒட்டாத உறையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்து வர உன் அத்தையால் முடியாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திண்டிவனம் வருவதற்குள் படித்து முடித்திருப்பாள். படிக்கட்டும். உனக்கு எழுதுவதுதான் என்றாலும் அவளும் கேட்க வேண்டிய விஷயம் இது. நித்யாவுக்கும் படித்துக் காட்டு. கழுத்தை நீட்டப்போகிற பெண் மாமியாரைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் மண்டபம், மேளம், சாப்பாடு எல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகிற நேரத்தில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, நான் தாலி கட்டும்போது மேடைக்கு வந்து அட்சதை போடுவியா, இல்ல செல்வி கல்யாணத்துல நின்ன மாதிரி தூணுகிட்ட போய் நின்னுக்குவியா?" நான் "பாக்கலாம்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அப்பா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்தப் பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். பந்தியில் பரிமாறியிருக்கிறேன், மொய் எழுதும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அழுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். ஒரு கல்யாணத்திலும் அட்சதை போட்டதில்லை. அதனால்தான் நீ கேட்டதும் அப்படி நழுவினேன். என்னுடைய "பாக்கலாம்" எப்பேர்ப்பட்ட "பாக்கலாம்" என்பதும் உனக்குத் தெரியும். புது சைக்கிள் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன், நீ காலேஜ் முடிக்கும்வரை அது வரவே இல்லை. இந்தத் தடவை ஏழு நாள் ஆகிவிட்டது, பதில் என் கையில் இருக்கிறது. ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் எனக்கு இப்போது இருக்கிற சந்தோஷத்துக்கு ஒரு வரி போதாது. நீ படித்த படிப்பிலிருந்து ஆரம்பித்தால்தான் இது விளங்கும்.

பிளஸ் டூ முடித்துவிட்டு விஸ்காம் படிக்கப்போகிறேன், அதில் போட்டோ எடுக்கச் சொல்லித்தருவார்கள் என்று நீ வந்து நின்ற அன்று நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போது சிரிப்பாக வருகிறது. "பட்டன அமுக்கினா படம் வருது, அதுக்கு மூணு வருஷம் படிக்கணுமாடா?" என்று கேட்டேன். டிப்ளமோ படித்தால் சேதராப்பட்டில் ஏதாவது ஒரு கம்பெனியில் நுழைந்துவிடலாம், மாசம் பிறந்தால் சம்பளம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவள் நான். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீ பேசாமல் இருந்தாய், என்னால் தாங்க முடியவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்ன படிக்கிறாய் என்று புரிந்து போட்ட கையெழுத்து கிடையாது அது. அதையும் இப்போதே ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு பேருக்கு ஒரு கேமரா என்று டிபார்ட்மென்டில் கொடுத்தார்கள். உனக்கும் ஜாபருக்கும் சேர்த்து ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை நீ வீட்டுக்கு எடுத்து வருவாய், அடுத்த வெள்ளிக்கிழமை அவன். திங்கட்கிழமை காலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நீ எடுத்து வரும் வெள்ளிக்கிழமைகளில் உழவர்கரை பஸ் நிறுத்தத்திலிருந்து பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கைக்குழந்தையைத் தூக்கி வருகிறவன் மாதிரி நடந்து வருவாய். எதிரில் மாடு வந்தால்கூட ஒதுங்கி நின்றுவிடுவாய். மூன்று நாள் நம் வீட்டில் கேமராவுக்குத்தான் மரியாதை. நாற்காலி அதற்கு, நான் தரையில்.

உன் முதல் பாடம் அசைவு. ஓடுகிற ஒன்றைக் கேமராவும் கூடவே திரும்பித் தொடர்ந்து எடுக்க வேண்டும், ஆள் தெளிவாகவும் பின்னால் இருப்பதெல்லாம் கோடு கோடாகவும் வர வேண்டும், இதற்குப் பேர் பேனிங் என்று சொன்னாய். ஜாபர் அவன் மாமாவையும் மாமாவின் ஸ்கூட்டரையும் பிடித்துக்கொண்டான். நம் வீட்டில் ஓடுவதற்கு இருந்ததெல்லாம் நானும், நான் நம்மூர் மேட்டுப்பாளையத்து மாத்திரைக் கம்பெனிக்கு வேலைக்கு ஓட்டிப்போகிற லேடீஸ் சைக்கிளும்தான். மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி அடுக்கி வாரம் முழுக்க நின்ற கால், ஞாயிற்றுக்கிழமையாவது நீட்டிப் படுக்கலாம் என்றால் விடியும்போதே எழுப்பிவிட்டாய். என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கடற்கரைச் சாலை வரை மிதித்தாய். சூரியன் கடலுக்கு மேலே ஒரு முழம் ஏறியிருந்தது. நீ கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, என் முகத்தில் வெளிச்சம் நேராக விழ வேண்டும் என்று சொல்லி என்னை வடக்கே அனுப்பினாய். அங்கிருந்து உனக்கு முன்னால் ஓட்டிப்போக வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி ஓட்ட வேண்டும்.

"ஏம்மா ஒவ்வொரு வாட்டியும் இந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிற?"

"போட்டோன்னா சிரிக்க வேணாமா?"

"வேணாம். ஷிப்டுக்கு லேட்டாயிடுச்சு, சூப்பர்வைசர் கேட்டுல நிக்கிறாரு. அந்த மாதிரிப் போ."

நீ சூப்பர்வைசர் என்று சொன்னதும் கால் தானாக வேகம் பிடித்துவிட்டது. அந்த வேகத்தில் போனவளைத்தான் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் மறித்தார். காலையில் இங்கே நடக்கிறவர்கள் மட்டும்தான், வண்டி கூடாது என்றார். "சைக்கிளுதான சார்" என்றேன். "சைக்கிளும் வண்டிதாம்மா" என்றார். பிள்ளைக்குக் காலேஜில் பரீட்சை என்று சொன்னேன். "பரிச்ச புள்ளைக்கு, மிதிக்கிறது நீயா?" என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் இரண்டே இரண்டு தடவை என்று விட்டார். நீ அந்த இரண்டை ஐந்தாக்கினாய். அவர் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அந்த ரோலில் முக்கால்வாசி வீண். ஷட்டர் விழுந்த சத்தம் கேட்டதும் நீ கையை நிறுத்திவிடுகிறாய் என்று உன் சார் சொன்னாராம். படம் எடுத்தாயிற்று என்று நினைத்துக் கை நின்றுவிடுகிறது, அந்த நொடியில் எல்லாம் கெட்டுப்போகிறது. கிளிக் ஆன பிறகும் அதே வேகத்தில் கூடவே திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கூடத்தில் நடக்கிற என்னைத் தொடர்ந்து திரும்பித் திரும்பிப் பழகினாயே, பக்கத்து வீட்டுக்காரர்கள் உனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா புத்தி சொல்ல வேண்டுமாமே, இதையே என் புத்தியாக வைத்துக்கொள். தாலி கட்டும்போது ஊரே கிளிக் கிளிக் என்று எடுக்கும். அதோடு எல்லாம் ஆகிவிட்டது என்று நின்றுவிடாதே. நித்யா எந்த வேகத்தில் போகிறாளோ அந்த வேகத்தில் நீயும் திரும்பிக்கொண்டே இரு. உன் அப்பா நல்லவர், ஆனால் கிளிக் ஆனதும் நின்றுவிட்டவர். இதை உன் அத்தை படிப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கடைசியில் தேறிய ஒரு படத்தை நீ கழுவிக் கொண்டுவந்தபோது நான் சந்தோஷப்படுவதற்குப் பதிலாகச் சண்டை போட்டேன். என் முகம் அத்தனை தெளிவு, பின்னால் கட்டடமெல்லாம் இழுத்துவிட்ட கோடு. எல்லாம் சரி, என்னைக் கொண்டுபோய் வலது ஓரத்தில் வைத்திருக்கிறாய். இடது பக்கம் முழுக்க வெறும் ரோடு.

"இன்னாடா இது, பாதிப் படம் காலியா கெடக்குது? என்ன நடுவுல வைக்கக் கூடாதா?"

"நீ போற பக்கம் எடம் விடணும்மா. விடலன்னா படத்தோட ஓரத்துல போய் முட்டிக்கிற மாதிரி இருக்கும். பாக்கறவங்களுக்கு மூச்சு முட்டும்."

"நான் அந்தப் பக்கம் போறேன்னு படத்தப் பாக்கறவனுக்கு எப்படிடா தெரியும்?"

"எடம் இருக்குல்ல, அதாலதான் தெரியும்."

எனக்கு அது ஏறவில்லை. ஃபிலிமை வீணாக்குகிறாய் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பேச்சை மறக்கவும் இல்லை.

அடுத்தது வெளிச்சம். அதில்தான் உன்னை அடித்தேன். நம் சமையலறை ஜன்னலில் காலை வெயில் கத்தி மாதிரி விழுகிறது, அதைக் கொஞ்சம் மிருதுவாக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பெட்டியைத் திறந்து உன் அப்பாவின் வேட்டியை எடுத்து ஜன்னலில் ஆணி அடித்துக் கட்டிவிட்டாய். அவர் கல்யாணத்துக்குக் கட்டிய வேட்டி. நான் என்ன ஏது என்று கேட்கவில்லை, முதுகில் ஒன்று வைத்தேன். நீ அழவில்லை. "அம்மா, கொஞ்சம் அங்க நில்லு, அப்புறம் அடி" என்றாய். கோபத்தோடு போய் நின்றேன். வேட்டி வழியாக வந்த வெளிச்சம் என் கைமேல் பாலாடை மாதிரி படிந்தது. மீன் செதிளும் அரிவாள்மனையும்கூட அழகாக இருந்தன. உன் அப்பா போன பிறகு அந்த வேட்டியை நான் வெளியே எடுத்ததே இல்லை. பெட்டிக்குள் மஞ்சளேறிக்கொண்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது நல்லதுதான் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. தோன்றியதை உன்னிடம் சொல்லவில்லை. ஆணி அடித்த ஓட்டையைப் பற்றி மட்டும் ஒரு மாதம் பேசினேன்.

(உன் அத்தை வந்துவிட்டாள். "இன்னாடி எழுதற, பரிச்ச மாதிரி? பஸ்ஸு எனக்காக நிக்குமா?" என்கிறாள். காப்பி கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். சூடாகத்தான் கொடுத்திருக்கிறேன், ஆறுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.)

உனக்கு நானும் ஒரு வாத்தியார்தான், அதை மறந்துவிடாதே. செய்முறைப் பரீட்சைக்கு முன்னால் உன் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேள்வி கேட்பேன், நீ துணி துவைத்துக்கொண்டே பதில் சொல்வாய். கேட்டுக் கேட்டே எனக்குப் பாதிப் பாடம் வந்துவிட்டது. கேமராவின் தலையில் இருக்கிற டயலில் ஐந்நூறு என்று இருந்தால் பெரிய நம்பர், அதிக நேரம் என்று நினைத்தேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். ஐந்நூறு என்றால் ஒரு விநாடியை ஐந்நூறாக நறுக்கி அதில் ஒரு துண்டு. நாலு என்றால் நாலில் ஒரு துண்டு, கால் விநாடி. ஐந்நூறில் வைத்தால் குழாய்த் தண்ணீர் முத்து முத்தாக அப்படியே நிற்கும். நாலில் வைத்தால் ஆடுகிறவர், அசைகிறவர், கையைத் தூக்குகிறவர் எல்லாரும் கலைந்துபோவார்கள். அசையாமல் நிற்கிறவர் மட்டும் அச்சடித்த மாதிரி வருவார். கம்பெனியில் என் லைனில் நிற்கிற பெண்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்துப் பெரிய ஆள் மாதிரி திரிந்தேன்.

மூன்றாம் வருஷம் அசைவை வைத்துப் பத்துப் படம் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். ஒன்பது சேர்த்துவிட்டாய். பத்தாவதுக்காக அலைந்துகொண்டிருந்தபோது செல்வி கல்யாணம் வந்தது. அத்தை பெண் கல்யாணம், ஆல்பத்துக்கு ஸ்டுடியோக்காரர் இருக்கிறார், நீ உன் படிப்புக்கு எடுத்துக்கொள் என்று அத்தையே சொன்னாள். நீ பந்தி நடக்கிற வாசல் பக்கம் ஸ்டாண்டைப் போட்டு, டயலை நாலில் வைத்துக் காத்திருந்தாய். அட்சதைத் தட்டு கைமாறிக் கைமாறி வந்தது. என் பக்கத்தில் இருந்த அம்மாள் மாப்பிள்ளை வீட்டுக்காரி, என்னைத் தெரியாதவள், என் கையிலும் ஒரு பிடி வைத்துவிட்டாள். மேடையிலிருந்து உன் அத்தை, "மேல வாடி" என்று கூப்பிட்டாள். கேட்காதது போல் நகர்ந்து போய்த் தூணோடு ஒட்டி நின்றேன். கெட்டிமேளம் கொட்டியது. மண்டபத்தில் இருந்த அத்தனை கையும் மேலே போயிற்று. என் கை மட்டும் மூடிய கை மூடியபடி கீழே இருந்தது. அந்தக் கால் விநாடியைத்தான் நீ எடுத்தாய்.

ஒரு வாரம் கழித்து, அத்தை வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொண்டுவந்தாய். "இன்னாடா, பொண்ணு மாப்பிள்ள மூஞ்சியே காணோம், ஒரே பொக!" என்று முதலில் எல்லாரும் சிரித்தார்கள். கைகள் எல்லாம் புகை, அட்சதை எல்லாம் வெளிறிய கோடு, மேடையே தண்ணீரில் கலைந்தது மாதிரி. பிறகு செல்விதான் படத்தில் என்னைக் காட்டி, "அத்தய மட்டும் தெளிவா தெரியுது பாரேன்" என்றாள். சுற்றி இருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். வலது ஓரத்தில், தூண் பக்கத்தில், நான். மடித்த விரல்கூட எண்ணிவிடலாம். உன் அத்தையின் முகம் சிவந்துபோயிற்று. "ஏன்டி, அங்க போய் நிக்கச் சொல்லி யாருடி சொன்னது? நானா சொன்னேன்? இதப் பாக்கறவன் என்னத்தான திட்டுவான்?" என்றாள். அவள் கேட்டதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தை ஒப்படைக்காதே என்றேன். பத்தில் இதுதான் உசத்தி என்றாய். "உங்கப்பன் செத்துப்போனத ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டணுமா?" என்று கேட்டேன். நீ படத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். மறுநாள் நீ காலேஜுக்குப் போன பிறகு ஃபிலிம் துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்த ஒரு கட்டத்தை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்து அடுப்பில் போட்டேன். நெகட்டிவ் போனால் படமே போயிற்று என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். உங்கள் படங்களை வைத்த காலேஜ் கண்காட்சிக்கு நான் ஷிப்டு முடிந்து யூனிஃபார்மோடு வந்தேன். ஒன்பது படம் வரிசையாக இருந்தது. பத்தாவது இடத்தில் வெறும் அட்டை, அதன் கீழே "கால் விநாடி" என்று உன் கையெழுத்து. ஒரு படம் குறைந்ததற்கு மதிப்பெண்ணும் குறைந்தது. நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை நீ என்னைப் படம் எடுத்ததே இல்லை. இப்போது சென்னையில் விளம்பரத்துக்காகச் சோப்புக் கட்டிக்கெல்லாம் நாலு பக்கம் விளக்கு வைத்து எடுக்கிறாய். வீட்டுக்கு வந்தால் கேமராப் பையைத் திறப்பதில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாயா?

நான் செய்தது தப்பு. உன் படிப்பில் கை வைத்தது ஒரு தப்பு, அதைவிடப் பெரிய தப்பு உன் அத்தையைப் பழியோடு விட்டது. ஆகவே இந்தப் பத்தி அவளுக்கு. அண்ணி, திண்டிவனம் வந்துவிட்டதா? நீங்கள் என்னை அங்கே நிற்கச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அவர் போன மறு வருஷம் ஒரு கல்யாணத்தில் யாரோ ஒருத்தி தாலித் தட்டை என்னைத் தாண்டி அடுத்தவளிடம் நீட்டினாள். அவள் முகம்கூட எனக்கு நினைவில்லை. இன்னொரு தடவை அப்படி ஒருத்தி நீட்டுவதற்குள் நானே நகர்ந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டேன். அது வெறும் பயம், அண்ணி. நீங்கள் மேலே வா என்று கூப்பிட்டது என் காதில் நன்றாக விழுந்தது.

தம்பி, நெகட்டிவைத்தான் எரித்தேன், நீ பெரிதாகப் போட்டு வந்த படத்தையும் அன்றைக்கே எடுத்துவிட்டேன், ஆனால் அதை எரிக்க மனம் வரவில்லை. பீரோவில் புடவைக்கு அடியில் விரித்த பேப்பருக்குக் கீழே இத்தனை வருஷமாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன் போன் வைத்ததும் அதை எடுத்தேன். இத்தனை நாளும் அதில் என் மூடிய கையைத்தான் பார்த்திருக்கிறேன், பார்த்ததும் உள்ளே வைத்துவிடுவேன். அன்றைக்கு உன்மேல் கோபம் இல்லாமல் பார்த்தேன் போலிருக்கிறது. என்னை வலது ஓரத்தில் வைத்திருக்கிறாய். என் முகம் மேடையைப் பார்த்திருக்கிறது. எனக்கும் மேடைக்கும் நடுவே ஓர் ஆள் இல்லை, ஒரு நாற்காலி இல்லை, பாதிப் படம் காலியாகக் கிடக்கிறது. அவ்வளவு கூட்டத்தில் அந்த இடம் படத்தில் வரவேண்டுமென்றால் நீ பந்தி வாசலில் போய் நின்றால்தான் வரும். நான் வழக்கம்போல் தூணுக்குத்தான் போவேன் என்று தெரிந்து, அதற்காகத்தான் அங்கே நின்றிருக்கிறாய்! கடற்கரைச் சாலையில் சொன்னாயே, போகிற பக்கம் இடம் விடணும் என்று. நான் சைக்கிளில் போகவில்லை, தூணோடு ஒட்டி நின்றேன். நின்றவளுக்கும் இடம் விட்டிருக்கிறாய். அம்மா அந்தப் பக்கம் நடந்து போவாள் என்று நீ அன்றைக்கே நினைத்திருக்கிறாய். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன், உடனே சிரிப்பும் வந்துவிட்டது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

இந்த வாரம் முழுக்க நான் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மாம்பழக் கலரில் பட்டுப்புடவை எடுத்திருக்கிறேன். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார், "மாப்பிள்ளையோட அம்மாவுக்கு" என்றேன். கையில் அரிசியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடியில் வீசிப் பழகினேன், காக்காய்களுக்குக் கொண்டாட்டம். கம்பெனியில் பெண்கள், "அக்கா, கோழிக்குப் போடற மாதிரி போடாத, கைய நல்லா மேல தூக்கி வீசு" என்று பாடம் எடுக்கிறார்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. செல்வி கல்யாணத்தில் என் கையில் மூடியிருந்த அட்சதையை நான் கீழே போடவில்லை. முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, நீ ஜன்னலில் விட்டுப்போன காலி ஃபிலிம் டப்பாவில் போட்டு, இரண்டு காய்ந்த மிளகாயும் போட்டு மூடி வைத்தேன். திறந்து பார்த்தேன். ஒரு வண்டு இல்லை, மஞ்சள்கூட அவ்வளவாக வெளுக்கவில்லை.

உன் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப்போவது ஜாபர் என்று சொன்னாய். நல்லதாகப் போயிற்று, அவனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆல்பத்துக்கு அவன் இஷ்டம்போல் எடுக்கட்டும், தெளிவாக, சிரித்தபடி, வரிசையாக. ஆனால் கெட்டிமேளம் கொட்டும்போது மட்டும் இன்னொரு கேமராவை ஸ்டாண்டில் போட்டுப் பந்தி வாசலில் வைக்கச் சொல். இப்போதைய கேமராவில் டயல் இருக்கிறதோ பொத்தான் இருக்கிறதோ எனக்குத் தெரியாது, எதுவானாலும் நாலில் வைக்கச் சொல். அன்றைக்கு மேடையில் உனக்குப் பின்னால், உன் அத்தை பக்கத்தில் நான் இருப்பேன். அந்தப் பழைய டப்பா என் கையில் இருக்கும்.

அந்தப் பழைய படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அத்தை பார்த்த பிறகு உன்னிடம் வரும், பத்திரமாக வை. புதுப் படம் வந்ததும், அன்றைக்கு வெறும் அட்டையாக விட்டாயே, அந்தப் பத்தாவது இடத்தில் வை. அதில் நான் தெளிவாக விழுந்தால் உனக்குத் தோல்வி, எனக்கும் தோல்வி. முகம் தெரியக் கூடாது, கை தெரியக் கூடாது, ஒரு விரல்கூட எண்ண முடியக் கூடாது. இதில் மாப்பிள்ளையோட அம்மா எங்கே என்று யாராவது கேட்டால், அதோ கலைந்து ஓடுகிறதே அந்த மாம்பழக் கலர்க் கோடு, அதுதான் என் அம்மா என்று காட்டு.